தளும்பாத தண்ணீர்

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசத் தொடங்கியிருந்த ஒரு வைகாசி விடியற்காலையில் இரணைமடுக் குளக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். என் பின்னால் யாரோ வருவது போல ஒரு சத்தம் கேட்டது. நான் ஓடினால் அதுவும் ஓடியது. நான் நின்றால் ஒரு கணம் பிந்தி அதுவும் நின்றது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் குளம், மறுபக்கம் மரங்கள், நடுவே வெறிச்சோடிய கட்டு. மூன்றாவது தடவை நின்று மூச்சைப் பிடித்துக் கேட்டபோதுதான் விளங்கியது. முதுகுப் பைக்குள் கிடந்த ஒன்றரை லீற்றர் போத்தல், பாதி குடித்து மீந்த தண்ணீரோடு, ‘களக், களக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது.

பயம் போய்விட்டது. சத்தம் போகவில்லை. வீடு வந்து சேரும் வரை காதை விட்டு அகலவில்லை. தனியாக ஓடும் பெண்ணுக்குக் காது மிக முக்கியம். பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறதா, நாய் வருகிறதா, பற்றைக்குள் ஏதும் அசைகிறதா என்பதைக் கண் காணுமுன் காது சொல்லிவிடும். அந்தக் காதை என் சொந்தத் தண்ணீரே அடைத்துவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று ஆண்டுகளில், தண்ணீர் சுமந்து ஓடுவதற்காக நான் கட்டிப் பார்த்தவை, தைத்துப் பார்த்தவை, கழற்றி மூலையில் போட்டவை எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் இருந்துவிட்டு, இப்போது தரம் பார்ப்பவளாக வேலை செய்கிறேன். கிழமையில் நான்கு நாட்கள் ஓடுகிறேன். ஐந்து மணிக்குப் படலையைத் திறந்தால் ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும். வேலைக்குப் போகும் பஸ் காத்திராது. சனி அல்லது ஞாயிறில் மட்டும் இரண்டு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் ஓடுவேன். ஓடும்போது தண்ணீர் சுமப்பதைப் பற்றி வாசிக்கக் கிடைப்பதெல்லாம் பூங்காவுக்குப் பூங்கா குழாய் இருக்கும் குளிர் நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வன்னியில் ஓடுகிறவளுக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, என்ன பொருந்தும் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

முதலில் எல்லோரையும் போலக் கையில்தான் பிடித்துக்கொண்டு ஓடினேன். அரை லீற்றர் போத்தல் என்றால் அரைக் கிலோ. நடக்கும்போது அது ஒன்றும் இல்லை. ஓடும்போது கை ஒரு நிமிடத்தில் எண்பது தடவைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுகிறது. அந்த அரைக் கிலோவும் கூடவே வீசுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பிடி. வழுக்கும் பிளாஸ்டிக்கை விழாமல் பிடிப்பதற்காக விரல்கள் இறுகுகின்றன, விரல் இறுகினால் முழங்கை இறுகும், முழங்கை இறுகினால் தோள் காதருகே ஏறிவிடும். இரண்டாவது கிழமையில் வலது தோள்பட்டை இரவில் குத்தத் தொடங்கியது. இரண்டு அங்குல எலாஸ்டிக்கில் ஒரு பட்டி தைத்து, புறங்கையைச் சுற்றி வரும்படி போத்தலோடு சேர்த்தேன். அதன் பிறகு விரலை விரித்தாலும் போத்தல் விழாது. தோள் வலி போய்விட்டது.

இன்றைக்கும் முக்கால் மணிக்குட்பட்ட ஓட்டத்துக்கு அந்தக் கைப்பட்டியைத்தான் எடுக்கிறேன். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. குரைத்துக்கொண்டு வரும் நாயின் முகத்தில் ஒரு பீச்சு அடித்தால் பெரும்பாலானவை நின்றுவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. வாய்க்கால் ஓரக் கிரவல் வீதியில் ஒரு தடவை சறுக்கி விழுந்தேன். வெறும் இடது கை தானாகவே விரிந்து நிலத்தை ஊன்றியது. போத்தல் பிடித்த வலது கை விரியவில்லை, முழங்கையில்தான் விழுந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. இருட்டிலும் கிரவலிலும் ஓடுகிறவர்கள் கைகளை வெறுமையாக வைத்திருப்பதே நல்லது.

அடுத்தது இடுப்புப் பட்டி. இணையத்தில் பார்த்து ஒன்றை வரவழைத்தேன். கால் லீற்றர் போத்தல்கள் இரண்டு, நடுவில் ஒரு சிப் வைத்த பை. படத்தில் மிக அழகாக இருந்தது. அது வந்த அன்றே வழக்கம் போல உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன், மனம் சோர்ந்துவிட்டது. போத்தல் பைகள் பட்டியோடு ஒற்றைத் தையலில் பிடிக்கப்பட்டிருந்தன. வாயோரத்தில் பார்டேக் இல்லை. எலாஸ்டிக் ஓர் அங்குலம்தான். மூன்று கிழமைதான் தாக்குப்பிடித்தது. முறிகண்டிப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது தையல் விட்டு ஒரு போத்தல் வீதியில் உருண்டது.

பார்டேக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் உடுத்தும் ஜீன்ஸின் பை மூலையைப் பாருங்கள். ஒரு நெல்மணி அளவில் நூல் நெருக்கமாக முன்னும் பின்னும் குத்தப்பட்டிருக்கும். இழுவை வந்து விழுகிற முனை அதுதான். அந்த முனை விட்டால் முழுத் தையலும் உரிந்து போய்விடும். தண்ணீர் சுமக்கிற எந்தப் பொருளை வாங்கினாலும் நிறத்தையும் பெயரையும் பார்க்குமுன் உள்ளே திருப்பி இதைத் தேடுங்கள். பட்டி எந்த இடத்தில் உடலைத் தொடுகிறதோ அந்த இடத்தில் தையல் தட்டையாக இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக் கூடாது. அந்தச் சிறு மேடு ஒரு மணி நேரத்தில் தோலை வழற்றிவிடும். குளிக்கும்போது தண்ணீர் பட்டவுடன் தெரியும் அதன் வலி. இணையத்தில் விற்கிறவர் உட்புறப் படம் போடவில்லை என்றால் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஆடைகளை உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பதுதான் என் தொழில். வெளிப்புறம் பொய் சொன்னாலும் உட்புறம் உண்மையைச் சொல்லிவிடும்.

பட்டி மேலேறி மேலேறி வருவதற்குக் காரணம் தையல் மட்டுமல்ல. நாம் இடுப்பு என்று கட்டுகிற இடம் உடம்பிலேயே மெல்லிய இடம். அங்கே கட்டினால் ஒவ்வோர் அடிக்கும் மேலேயும் கீழேயும் ஆடும். குடத்தைப் பெண்கள் எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். இடுப்பெலும்பு விரிந்து நிற்கும் அந்தத் தட்டில்தான். பட்டியையும் அங்கேதான் இறக்க வேண்டும். இதை மனதில் வைத்துக் கிளிநொச்சிச் சந்தையில் மூன்று அங்குல எலாஸ்டிக்கும் நைலோன் வலையும் வாங்கி நானே ஒரு பட்டி தைத்தேன். இடுப்பெலும்பைச் சுற்றி அளந்த அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து வெட்டினேன். போத்தலை நேராக வைக்காமல் பின்பக்கம் சரித்து வைத்தேன். நேராக நின்றால் ஓடும்போது முழங்கை தட்டும். சரிந்திருந்தால் கை பின்னால் போன வேகத்திலேயே வாயைப் பிடித்து உருவலாம். எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு ஆண்டுகளாகியும் ஒரு நூல் பிரியவில்லை.

ஆனால் அரை லீற்றருக்கு மேல் அந்தப் பட்டி தாங்காது. நீண்ட ஓட்டத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், தம்பியின் பழைய பள்ளிப் பையில் ஒன்றரை லீற்றர் போத்தலை ஒரு துவாயில் சுற்றி வைத்து ஓடிய நாளில்தான் அந்தச் சத்தம் என்னைத் துரத்தியது.

அப்போதுதான் ஒரு கதையை வாசித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபோல்ஸ் என்ற ஊரில் கொடும் வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டம் ஒன்று நடக்கும். 1988இல் அதில் கலந்துகொண்ட மைக்கல் ஈட்சன் என்பவர் அவசர மருத்துவப் பணியாளர். வழியில் தண்ணீர் போதாமல் போய்விடும் என்று பயந்து, செலைன் ஏற்றும் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் இட்டு, சட்டையின் முதுகுப்புறத்தில் பொருத்திக்கொண்டார். குழாயைத் தோளுக்கு மேலாக முன்னுக்குக் கொண்டுவந்து, ஒழுகாமல் இருக்க உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றைப் போட்டார். கேமல்பேக் என்ற நிறுவனமும், இன்று உலகமெங்கும் முதுகில் சுமக்கிற தண்ணீர்ப் பைகளும் அந்தக் காலுறையிலிருந்து வந்தவை.

வாசித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் செலைன் பையைப் பார்க்காதவர் யார்? தண்ணீர் இறங்க இறங்கப் பை ஒட்டிச் சுருங்கும். உள்ளே காற்று நுழைவதில்லை. காற்று நுழையாத இடத்தில் தண்ணீர் எப்படி அலையும்?

இதைச் சிறுவயதிலேயே என் கைகள் அறிந்திருந்தன. 2009இல் எனக்குப் பதின்மூன்று வயது. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணீர் பவுசர் வரும் நேரத்துக்குக் கானை வரிசையில் வைத்துவிட்டு நிற்போம். நிரம்பிய கானை நானும் அக்காவும் இரு பக்கமும் பிடித்து ஒரே சீராகக் கொண்டுவந்துவிடுவோம். தண்ணீர் முடிந்துபோய்ப் பாதிக் கான்தான் கிடைத்த நாட்களில் பாரம் குறைவு. ஆனால் நடப்பது கடினம். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப் போய்ச் சுவரில் மோதும், கான் கணுக்காலில் இடிக்கும், மூடியில்லாத கான் என்றால் கால் வழியே சிந்திவிடும். சிந்திய தண்ணீருக்காக அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பு, ஊரில், அம்மா பொதுக் கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி வரும்போது வேலிப் பூவரசில் இரண்டு இலையைப் பறித்துத் தண்ணீரின் மேல் மிதக்கவிடுவார். இலை மூடிய தண்ணீர் தளும்பாது.

நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியை மனிதரின் அடக்கத்துக்கு எடுத்துச் சொல்வார்கள். அதைச் சொன்ன முதல் பெண் உண்மையாகவே ஒரு குடத்தைச் சுமந்தவளாகத்தான் இருந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். ஓடுகிறவர் தேட வேண்டியதும் அதைத்தான்: குடிக்கக் குடிக்க நிறைகுடமாகவே இருக்கிற ஒரு குடம். கடினமான போத்தலில் ஒரு மிடறு குடித்தால் அந்த இடத்தில் ஒரு மிடறு காற்று வந்து உட்காரும். பிதுக்கினால் சுருங்கும் மென்போத்தலில் அப்படி இல்லை. சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நிரப்பும்போது கழுத்து வரை நிரப்பி, மூடுமுன் மெல்லப் பிதுக்கி எஞ்சிய காற்றையும் வெளியேற்றிவிட்டால் கடைசி மிடறு வரை சத்தமே இராது. முதுகுத் தண்ணீர்ப் பை என்றால், நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை முன்பே தெரிந்திருந்தால் அந்த வைகாசி விடியலில் நான் நடுங்கியிருக்க மாட்டேன்.

டொரன்டோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தவர்களிடம் எனக்கு ஒரு வெஸ்ட், ஓடும்போது கையில்லாச் சட்டை போல மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, கொடுத்துவிட்டாள். முன்பக்கம் இரு தோள்பட்டிகளிலும் அரை லீற்றர் மென்போத்தல்கள் இரண்டு, பின்னால் தண்ணீர்ப் பைக்கு ஓர் அறை, சுற்றிலும் சிறு பைகள். அதன் விலையைக் கேட்டபோது என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வந்தது. அதை உள்ளே திருப்பிப் பார்த்து, ஒரு தையல்காரியாக, கைகூப்பத் தோன்றியது. தையல்கள் எல்லாம் தட்டை. இழுவை விழும் ஒவ்வொரு முனையிலும் பார்டேக். வலைத் துணியின் ஓட்டைகள் பெரியவை, வியர்வை தங்காது.

இருந்தும் முதல் நாள் அது பொருந்தவில்லை. ஆண்கள் அளவில் எடுத்த வெஸ்ட் அது. போத்தல்கள் இரண்டும் நேரே மார்பின் மேல் வந்து அழுத்தின. ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டியது. பெண்களுக்கென்று வெட்டிய வெஸ்டுகளில் போத்தல் கொஞ்சம் மேலேறி அல்லது பக்கவாட்டில் விலகி இருக்கும். முன்பக்கப் பட்டிகளை மார்புக்கு மேலேயும் கீழேயும் நகர்த்திக் கொழுவ முடியும். வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். நான் பட்டிகளின் பொருத்துகளைப் பிரித்து இரண்டு அங்குலம் தள்ளித் தைத்தேன். இப்போது என் உடம்பில் ஒரு சட்டை போல இருக்கிறது.

அளவு பார்க்கும்போது வெறும் வெஸ்டைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. ஓடும் உடுப்போடு, போத்தலில் தண்ணீர் நிரப்பி, தொலைபேசியையும் உள்ளே வைத்துப் போடுங்கள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் சரி. பாரம் தோள்களுக்கு இடையே, முதுகின் மேல்பாதியில் நிற்க வேண்டும். இறங்கி இடுப்பைத் தொட்டால் அது பெரிய அளவு. தண்ணீர் குறையக் குறைய வெஸ்ட் தளரும்; ஓடிக்கொண்டே இழுத்து இறுக்கக் கூடிய பட்டிதானா என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லோரும் வெஸ்ட் வாங்குங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நம் வெக்கையில் முதுகை மூடுகிற எதுவும் ஒரு போர்வைதான். ஆடி, ஆவணியில் சோளகம் முதுகைத் தொட்டுக் குளிர்த்துவது பெரிய ஆறுதல்; வெஸ்ட் அதைத் தடுத்துவிடும். அதனால் ஒன்றரை மணிக்குட்பட்ட ஓட்டத்துக்கு என் எண்ணூறு ரூபாய்ப் பட்டியேதான். இரண்டு மணி நேரம் என்றால் மட்டும் வெஸ்ட். கழுத்தோரமும் கைக்கடியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டுதான் அதைப் போடுவேன்.

எவ்வளவு தண்ணீர் என்பதை ஊகத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. மாமா வீட்டில் நெல் மூட்டை நிறுக்கும் மின்தராசு நூறு கிராம் வரை காட்டும். ஓடப் போகுமுன் ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஒன்றும் குடிக்காமல் ஓடி வந்து உடலைத் துடைத்துவிட்டு ஒரு தடவை, அதில் ஏறி நின்றேன். மாசி மாதத்தில் அறுநூறு கிராம் குறைந்தது. ஆடியில் ஒரு கிலோ இருநூறு கிராம். ஒரு கிலோ என்றால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. ஒரே உடம்பு, ஒரே வீதி, ஆனால் இரட்டிப்பு. இதை ஒவ்வொருவரும் தத்தம் உடம்பில் அளந்து பார்க்க வேண்டும். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இழந்த அவ்வளவையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டும் என்பதும் இல்லை. அளவுக்கு மிஞ்சிக் குடிப்பது ஆபத்து. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது நிறை கூடும் அளவுக்குக் குடித்திருந்ததே அதற்கு முக்கிய காரணம். நான் தாகத்தைக் கேட்டுக் குடிக்கிறேன். ஒரு மணிக்கு அரை லீற்றர் எனக்குப் போதும். நீண்ட ஓட்டத்தில் ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், மற்றதில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி. ஜீவனிப் பைக்கட் ஒரு லீற்றருக்கானது; அரைப் பைக்கட்டைத்தான் அரை லீற்றரில் கரைப்பேன். கூட்டிக் கரைத்தால் வயிற்றைக் குழப்பும்.

பாதை எங்கே போகிறது என்பதே சுமையின் அளவைத் தீர்மானிக்கும். ஏ9 வீதியில் முறிகண்டி நோக்கிப் போகிறேன் என்றால் அரை லீற்றர் போதும். பிள்ளையார் கோயிலடியில் விடியற்காலையிலேயே ஆள்நடமாட்டம் இருக்கும். கச்சான் கடைக்காரர் ஒருவர் கேட்காமலே, “நில் தங்கச்சி, குடித்துவிட்டுப் போ” என்று போத்தலை வாங்கி நிரப்பித் தருவார். குளக்கட்டில் என்றால் கனகாம்பிகை அம்மன் கோயிலைத் தாண்டிய பிறகு ஒன்றும் இல்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் அக்கா வீட்டுக்குப் போன நாளில் இரு மருங்கும் காடு; அங்கே இரண்டு லீற்றரையும் சுமந்துகொண்டுதான் ஓடினேன். யானை நடமாடுகிற பக்கம் அது, நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட்டேன். பளைக்கு வடக்கே முகமாலைப் பக்கம் ஓடுகிறவர்கள் எந்தத் தேவைக்கும் வீதியை விட்டு இறங்க வேண்டாம். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளை அலங்காரத்துக்கு நட்டுவைக்கவில்லை.

வழியில் கிடைக்கிற எல்லாத் தண்ணீரையும் போத்தலில் பிடிப்பதும் இல்லை. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். வவுனியாப் பக்கத்தில் காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. வெக்கையும் உடலில் நீர் வற்றுவதும் அதற்குத் துணைபோகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வயலிலும் வீதியிலும் வெயிலில் பாடுபடுகிற மனிதர்கள் தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பெரியப்பாவுக்கும் வயலுக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு பட்டி தைத்துக் கொடுத்திருக்கிறேன். கிளிநொச்சி நகரில் போரின்போது வீழ்த்தப்பட்டு வீதியோரம் சரிந்து கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கியைக் கடந்து பல ஆண்டுகள் வேலைக்குப் போனவள் நான். அதைக் காணும்போதெல்லாம் தொண்டை உலரும்.

தண்ணீரைத் தவிர என்ன கொண்டுபோகிறேன் என்று தொழிற்சாலையில் பிள்ளைகள் கேட்பார்கள். அடையாள அட்டை எப்போதும் இருக்கும். அது இல்லாமல் படலையைத் தாண்டுவது நம்மில் எவருக்கும் வராது. வீட்டுத் திறப்பு ஒன்றுதான். இரண்டைக் கொண்டுபோனால் உரசிச் சத்தம் போடும், அப்படியானால் இறப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுங்கள். நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்து. வாயில் எட்டும் உயரத்தில் ஒரு விசில். இரத்த வகையும் அம்மாவின் இலக்கமும் எழுதிய காகிதத்துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருக்கிறேன். அம்புலன்சுக்கு 1990 என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நான் விழுந்து கிடந்தால் வாசிக்கப் போவது வேறொருவர். மாதவிடாய் நாட்களில் ஒரு நாப்கினும் மடித்த சிறு உறையும். பனங்கட்டி ஒரு துண்டும், கிடைக்கும் காலத்தில், பனம்பழக் களியைக் காயவைத்து எடுக்கும் பனாட்டு விரலளவு வெட்டியதும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் இடையில் அந்தப் பனாட்டு தருகிற தெம்பை வெளிநாட்டிலிருந்து வந்த எந்த இனிப்புக் குழம்பும் எனக்குத் தரவில்லை. ஆனால் அதை எண்ணெய்த்தாளில் சுற்றித் தனிப் பையில் வையுங்கள். ஒட்டினால் சிப் திறக்காது.

தொலைபேசிதான் பெரிய தலைவலி. தண்ணீர் குடிக்கக் குறையும், தொலைபேசி குறையாது. தட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் எந்த இடத்தில் வைத்தாலும் எலும்பில் தட்டும். நாரியின் பள்ளத்தில், முதுகோடு ஒட்டி, குறுக்காக வைத்தால் மட்டும் அசையாது. அதற்காகவே பட்டியின் பின்புறத்தில் தொலைபேசியின் அளவைவிட அரை அங்குலம் குறைத்து ஒரு பை தைத்தேன். எலாஸ்டிக் இழுபட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். வியர்வை உள்ளே இறங்காமல் இருக்கச் சிறு பொலித்தீன் உறை. முந்திய தொலைபேசியை வியர்வைதான் தின்றது.

கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். மென்போத்தலும் குழாயும் ஒரு நாள் ஈரமாகக் கிடந்தால் மணக்கத் தொடங்கும். ஒரு கிழமையில் உள்ளே கறுப்புப் புள்ளி விழும். ஓடி வந்த கையோடு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு இளஞ்சூட்டு நீரில் குலுக்கிக் கழுவுகிறேன். வெள்ளைப் படிவு இருந்தால் தேசிக்காய்ச் சாறு. கழுவிய பிறகு சுவர்கள் ஒட்டிக்கொண்டால் உள்ளே காயாது. அதனால் நான்கு தென்னை ஈர்க்குகளை நுனி மழுக்கி, பூங்கொத்து போல உள்ளே நுழைத்து விரித்துத் தலைகீழாக நிழலில் கொழுவிவிடுவேன். வெயிலில் காயவிட்டால் பிளாஸ்டிக் விறைத்து மடிப்பில் வெடிக்கும். வெஸ்டில் மறுநாள் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் போதும், தூள் போட்டு ஊறவைத்தால் எலாஸ்டிக் சோர்ந்துவிடும்.

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, தர்மபுரத்திலிருந்து வருகிறவள், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, நானும் ஓட வரட்டுமா?” என்றாள். கைப்பட்டியைக் கொடுத்து மூன்று ஞாயிறுகள் கூட்டிப் போனேன். இப்போது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறாள், கைப்பட்டி இனி அவளுக்குப் போதாது. இரண்டு நாளாக இரவில் அவளுக்கான பட்டியைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பெலும்பைச் சுற்றி முப்பத்துமூன்று அங்குலம், முப்பதுக்கு வெட்டியிருக்கிறேன். கடின போத்தல் வேண்டாம், இரண்டும் மென்போத்தலே. அவளுக்கு இடது கைப் பழக்கம் என்பது நேற்று அவள் சோறு பிசைந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திறப்புப் பையைப் பிரித்து இடப்பக்கம் மாற்றிவிட்டேன். பார்டேக் மட்டும் இன்னும் போடவில்லை. வீட்டு இயந்திரத்தில் அதைச் சிக்ஸாக் தையலில் மூன்று தடவை போய் வந்துதான் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.